பெயர் ஒட்டாத ஜார்

சமையலறை மேடையிலும் மொட்டைமாடி அறையிலும் சோயா மெழுகுவர்த்தி வார்க்கும் தோழிகளுக்கும் தோழர்களுக்கும்,



என் வேலை மேசையில் ஒரு கண்ணாடி ஜார் இருக்கிறது. கால்வாசிதான் எரிந்திருக்கிறது. மேலே 'நீலாம்பரி' என்ற பெயர். நான்கு வருடங்களுக்கு முன் நானே வார்த்து, நானே எழுதி ஒட்டி, ஒரு கண்காட்சியில் விற்றது. வாங்கியவள் கைக்குழந்தைக்காரி. பத்து நாள் கழித்து முகவரி விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்து திருப்பிக் கொடுத்தாள். பணம் கேட்கவில்லை. "பாப்பாவைத் தூங்கவைக்கிறப்ப நீலாம்பரி போட்டுட்டு இதையும் ஏத்தி வச்சேன்க்கா. பாட்டு ஒரு பக்கம் இழுக்குது, வாசனை ஒரு பக்கம் இழுக்குது. ஏதாவது ஒண்ணைத்தான் வச்சுக்க முடியும்னு தோணிச்சு. பாட்டை வச்சுக்கிட்டேன்" என்றாள்.

அன்று ராத்திரி அதை நான் ஏற்றிப் பார்த்தேன், பாட்டோடு. அவள் சொன்னது சரி. உள்ளே இருந்தது கடையில் வாங்கிய லாவெண்டர் எண்ணெய், எட்டு சதவீதம். தூக்கம் என்றால் லாவெண்டர், தூக்கம் என்றால் நீலாம்பரி, ஆகவே லாவெண்டர்தான் நீலாம்பரி என்று கணக்குப் போட்டிருக்கிறேன். அம்மா தாலாட்டிய வீட்டில் வளர்ந்தவள் நான். அந்த ராகம் எனக்குக் காதில் இல்லை, எலும்பில் இருக்கிறது. ஆனால் அந்த மெழுகை உருக்கிய நாளில் ஒருமுறைகூட அதைக் கேட்டிருக்கவில்லை.

இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியது அந்த ஜார்தான். கடந்த இரண்டு வருடங்களில் போன கண்காட்சிகளில் எல்லாம் நம்மவர்களின் மேசைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஸ்டாரி நைட், மோனே தோட்டம், மூன்லைட் சொனாட்டா, கல்யாணி, ஹம்சத்வனி என்று பெயர்கள். பார்க்கவே மனம் நிறைகிறது. ஒரு மெழுகுவர்த்தியைப் படத்தோடும் பாட்டோடும் சேர்த்து யோசிக்கிறவர்கள் இத்தனை பேர் நம்மிடையே இருக்கிறார்கள். பிறகு மூடியைத் திறந்து முகர்கிறேன். ஸ்டாரி நைட்டில் வெனிலா. கல்யாணியில் ரோஜா, ஹம்சத்வனியிலும் ரோஜா. பெயரை மாற்றி ஒட்டினால் யாருக்கும் தெரியாது. நானும் இதைச் செய்தவள் என்பதால்தான் சொல்ல உரிமை எடுத்துக்கொள்கிறேன்: ஒரு ஓவியத்தின் பெயரையோ ராகத்தின் பெயரையோ ஜாரில் ஒட்டினால், அந்தப் பெயருக்கு நாம் கடன்பட்டவர்கள். உட்கார்ந்து பார்த்தும் கேட்டும்தான் அந்தக் கடனை அடைக்க முடியும்.

ஸ்டாரி நைட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வான்கோ அதை 1889இல், சான் ரெமி மனநல விடுதியில் இருந்தபோது வரைந்தார். நாம் எல்லாரும் வானத்தின் சுழல்களைப் பார்க்கிறோம். ஆனால் படத்தில் நமக்கு மிக அருகில் நிற்பது இடப்பக்கம் கறுத்து எழும் சைப்ரஸ் மரம். அது கீழிருந்து மேல்வரை, ஒரு சுடரைப் போலவே எழுகிறது. சைப்ரஸுக்கு என்று ஒரு மணம் உண்டு: பிசின் மணம், சற்றுக் கசப்பு, குளிர்ச்சி. அந்தப் படத்தை ஐந்து நிமிடம் பார்த்தவர் வெனிலாவைத் தொட மாட்டார்.

நம் தொழிலுக்கு ஒரு மூதாதையர் இருக்கிறார். மிஷேல் யூஜேன் ஷெவ்ரல், பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர். 1786இல் பிறந்து 1889வரை வாழ்ந்தவர். ஏழை வீடுகளில் மாட்டுக்கொழுப்புத் திரி எரிந்து புகையும் நாற்றமுமாக இருந்த காலம் அது. கொழுப்பைப் பிரித்து அதற்குள் இருக்கும் அமிலங்களை அடையாளம் கண்டார். அவற்றில் ஒன்றான ஸ்டியரிக் அமிலத்தால் கெட்டியான, நாற்றமில்லாத மெழுகுவர்த்தி செய்ய முடிந்தது. சக வேதியியலாளர் கே-லுசாக்கோடு சேர்ந்து 1825இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். நம் சோயா மெழுகு இதற்கெல்லாம் வெகுகாலம் பிந்தியது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மைக்கேல் ரிச்சர்ட்ஸ் என்பவர் 1991இல் உருவாக்கியது. ஆனால் சோயா எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றிக் கெட்டியாக்கும்போது உள்ளே நடப்பது என்ன? திரவமாக இருந்த கொழுப்பு அமிலங்கள் ஸ்டியரிக்காக மாறுகின்றன. ஷெவ்ரல் கண்ட பொருளைத்தான் நாம் இன்றும் உருக்கிக்கொண்டிருக்கிறோம்.

இதே ஷெவ்ரல் பாரிசில் கோப்லென் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு இயக்குநர். அங்கே ஒரு புகார் வந்தது: கறுப்புச் சாயம் சரியில்லை, நெய்த பிறகு கறுப்பு வெளிறித் தெரிகிறது. அவர் சாயத்தைச் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறை இல்லை. கறுப்புக்குப் பக்கத்தில் வைத்து நெய்த நீலமும் ஊதாவும்தான் அதை அப்படிக் காட்டின. பக்கத்து நிறம் மாறினால் இந்த நிறமும் மாறித் தெரியும் என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1839இல் பெரிய நூலாக எழுதினார். சொராவும் சீன்யாக்கும் புள்ளி புள்ளியாக வண்ணம் வைத்த ஓவிய முறைக்குப் பின்னால் அந்த நூல் இருக்கிறது. மெழுகுவர்த்தியையும் நவீன ஓவியத்தையும் ஒரே மனிதர் தொட்டிருக்கிறார் என்று முதன்முதலில் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. நாம் செய்வது இரண்டு வேலைகளின் ஒட்டு அல்ல என்று தோன்றியது.

அந்தக் கறுப்புச் சாயத்தின் கதை எனக்கு எந்த வகுப்பையும்விட அதிகம் கற்றுத்தந்தது. குண்டுமல்லியை வெட்டிவேரின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மழை விட்ட தோட்டத்து மல்லி. அதே எண்ணெயை, அதே அளவு, தவனத்தின் பக்கத்தில் வையுங்கள். கதம்பம் கட்டும் கோயில் வாசல். மல்லி மாறவில்லை. பாட்டிலும் இதுதானே? சங்கராபரணத்திலும் நீலாம்பரியிலும் வருவது ஒரே அந்தர காந்தாரம். அடுத்து வரும் சுரமும் அசைவும் அதை ஒன்றில் நிமிரவைக்கின்றன, மற்றதில் ஊஞ்சலில் உட்காரவைக்கின்றன. ஆகவே 'கல்யாணிக்கு எந்த வாசனை?' என்று என்னிடம் கேட்காதீர்கள். எந்த வாசனையின் பக்கத்தில் எது என்று கேளுங்கள்.

வாசனைக்காரர்கள் பேசும் பேச்சே சங்கீதத்திலிருந்து வந்தது. நாம் தினமும் சொல்லும் டாப் நோட், பேஸ் நோட், அக்கார்டு எல்லாம் அங்கிருந்து வந்தவை. லண்டனில் செப்டிமஸ் பியெஸ் என்ற வாசனைத் தயாரிப்பாளர் 19ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலில், ஒவ்வொரு மணத்தையும் ஒரு சுரத்துக்கு எதிரே வைத்து வரிசையே போட்டார். அழகான முயற்சி. ஆனால் அந்தப் பட்டியலை அப்படியே எடுத்து மெழுகில் இறக்க முடியாது. ஏன் என்று நான் மெழுகைக் கெடுத்துக் கெடுத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தோலில் பூசும் அத்தர் ஒரு கச்சேரி மாதிரி. முதலில் எலுமிச்சை மாதிரி லேசானவை பறந்துபோகும், பிறகு பூக்கள், கடைசியில் சந்தனமும் பிசினும் தங்கும். தொடக்கம், நடு, முடிவு உண்டு. மெழுகுவர்த்தி அப்படி இல்லை. மணம் பெரும்பாலும் சுடரிலிருந்து வருவதில்லை, சுடரைச் சுற்றி உருகி நிற்கும் குளத்திலிருந்து வருகிறது. அந்தக் குளத்துக்கு அடியிலிருந்து புது மெழுகு உருகி வந்துகொண்டே இருக்கிறது. போன எலுமிச்சை திரும்பத் திரும்ப வருகிறது. இரண்டு மணி நேரம் எரிந்தாலும் கிட்டத்தட்ட ஒரே கலவைதான். மெழுகுவர்த்தி கச்சேரி அல்ல, தம்புரா. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று மணத்தை அடுக்கப் பார்த்துத் தோற்ற தோழிகளே, தோல்வி உங்கள் மூக்கில் இல்லை. ராகத்தின் கதையைச் சொல்ல வேண்டாம், ராகத்தின் சுருதியை மட்டும் பிடியுங்கள். பாட்டுக்குப் பின்னால் சத்தமில்லாமல் நிற்கிற மணமாக இருந்தால், அந்தக் கைக்குழந்தைக்காரி இரண்டையும் வைத்துக்கொண்டிருப்பாள்.

ராகமாலா ஓவியங்களைப் பார்த்திருக்கிறீர்களா? ராஜஸ்தானிலும் தக்காணத்திலும் இமயமலை அடிவாரத்திலும் சில நூற்றாண்டுகளாக ராகங்களை வரைந்தார்கள். ஒவ்வொரு ராகத்துக்கும் ஒரு பொழுது, ஒரு பருவம், ஒரு ஆளின் மனநிலை. மேக ராகத்துக்குக் கார்மேகம். தோடிக்குக் கையில் வீணையோடு காட்டில் நிற்கும் பெண், இசையில் மயங்கி நெருங்கி வரும் மான்கள். நம் வேலைக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்த ஓவியத்துத் தோடி வடக்கத்தித் தோடி. நம் தோடி வேறு. இந்துஸ்தானியில் அதற்கு நெருக்கமானது பைரவி. அவர்களுடைய தோடிக்கு நெருக்கமாக நம்மிடம் இருப்பது சுபபந்துவராளி. நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை மனதில் வைத்துக்கொண்டு மான் படத்தை ஜாரில் ஒட்டினால், கேட்டவர் காதில் ஒன்று, பார்த்தவர் கண்ணில் ஒன்று.

நம் பக்கம் வேர் இன்னும் ஆழம். சங்கத் திணையில் முல்லை என்று ஒரு சொல் சொன்னால் காட்டு நிலம், பூ, மாலைப்பொழுது, பண், காத்திருத்தல் எல்லாம் சேர்ந்து வருகிறது. திண்டுக்கல் பக்கத்தில் ஒரு தோழி 'முல்லை' என்று ஒன்று வார்க்கிறாள். எல்லாரும் எதிர்பார்ப்பது பூ வாசனை. அவள் முதலில் வைத்தது காய்ந்த புல்லும் நனைந்த மண்ணும். அதற்கு மேலே பாலின் இனிப்பு. மாடு வீடு திரும்பும் நேரம் வந்துவிட்டது. முல்லைப்பூவைக் கடைசியில், மொத்த எண்ணெயில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாமல் சேர்த்திருக்கிறாள். பூ எங்கேயோ வேலி ஓரத்தில் பூக்கிறது, யாரோ இன்னும் வரவில்லை. அந்த ஜாரைத் திறந்த அன்று நான் நெடுநேரம் பேசவில்லை. அந்த மண் வாசனை கன்னோஜில் செய்யும் மண் அத்தரிலிருந்து வந்தது. அங்கே சுட்ட மண்ணைச் செம்புப் பாத்திரத்தில் வைத்துக் காய்ச்சி, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குகிறார்கள். விலை அதிகம். அவள் வருடத்துக்குச் சில ஜார்கள்தான் வார்க்கிறாள்.

இனி, கொஞ்சம் சங்கடமான விஷயம். உயிரோடு இருக்கும் ஓவியர்களின் படங்களை இணையத்திலிருந்து எடுத்து அச்சடித்து ஒட்டுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள் என்று தெரியும். ஆனால் இந்தியச் சட்டப்படி ஒரு படத்தின் பதிப்புரிமை ஓவியர் இருக்கும்வரை அவருக்கும், அவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள்வரை அவருடைய வாரிசுகளுக்கும் சொந்தம். 1906இல் மறைந்த ரவிவர்மாவையும் 1941இல் மறைந்த அம்ரிதா ஷேர்-கில்லையும் தயங்காமல் எடுக்கலாம். ஷேர்-கில் தெற்கே பயணம் வந்துபோன பிறகு 1937இல் வரைந்த, சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தவர் படத்தை எத்தனை பேர் மணமாக நினைத்துப் பார்த்திருப்பீர்கள்? ஆனால் 1977இல் மறைந்த கே.சி.எஸ். பணிக்கரின் படத்துக்கு 2037 முடியும்வரை அனுமதி வேண்டும்.

பணிக்கரின் பெயரைச் சொன்னதற்கு இன்னொரு காரணம் உண்டு. சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966இல் உருவானது. படம் விற்றுப் பிழைக்க முடியாத காலம். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் கைவினைப் பொருட்கள் செய்து விற்றார்கள். அவற்றில் முக்கியமானது பாத்திக். பாத்திக் என்றால் என்ன? உருகிய மெழுகால் துணியில் கோடு போட்டு, சாயத்தில் முக்கி, மெழுகை நீக்குவது. அந்த வருமானம்தான் நிலம் வாங்கவும் உதவியது. மெழுகு ஒருமுறை தமிழ்நாட்டின் நவீன ஓவியத்துக்குச் சோறு போட்டிருக்கிறது, தோழர்களே. இன்று நாம் ஓவியத்தைக் காட்டி மெழுகை விற்கிறோம். ஒரு ஓவியரிடம் நேரில் போய்க் கேளுங்கள். சிறு தொகையாக இருந்தாலும் கொடுங்கள். அவர் வரைந்துகொண்டிருக்கும் இடத்தில் அரை மணி உட்கார்ந்து அங்கே என்ன மணக்கிறது என்று பாருங்கள். ஆளிவிதை எண்ணெய், டர்பன்டைன், ஆறிப்போன டீ. அதைவிட நேர்மையான ஓவிய மணம் எந்தக் கடையிலும் கிடைக்காது.

நம் பொருளை ஓவியர்கள் எவ்வளவு பொறுமையாகப் பார்த்திருக்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜெர்மானிய ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 1982லும் 83லும் மெழுகுவர்த்தியையே திரும்பத் திரும்ப வரைந்தார். வெற்றுச் சுவர், ஒரு வெள்ளை மெழுகுவர்த்தி, அசையாத சுடர். அதில் ஒன்றை சோனிக் யூத் என்ற ராக் குழு 1988இல் வெளியிட்ட டேட்ரீம் நேஷன் இசைத்தட்டின் அட்டையில் போட்டது. அவ்வளவு இரைச்சலான இசைக்கு அவ்வளவு அமைதியான படம். இதுவும் ஷெவ்ரல் சொன்ன பக்கத்து நிறத்தின் கதைதான்.

மெழுகைப் பற்றி ஒரு பத்தி, நீளமாக வேண்டாம். சோயா என்று ஒட்டினால் சோயாவாக இருக்கட்டும். பாரஃபின் கலந்திருந்தால் கலந்தது என்று எழுதுங்கள். நம் ஊர் மே மாத வெயிலில் கூரியர் வண்டிக்குள் உருகாமல் போய்ச்சேரச் சிலர் கலக்கிறார்கள், அது குற்றமில்லை, மறைப்பதுதான் தவறு. சோயா புகையவே புகையாது என்று சொல்லாதீர்கள். திரி நீண்டால் எதுவும் புகையும். அரை சென்டிமீட்டருக்கு நறுக்கச் சொல்லிக்கொடுங்கள். ஜாரின் ஓரம் வெள்ளை பூத்தால் பயப்படாதீர்கள், அது சோயாவின் இயல்பு. வார்த்த மறுநாளே விற்காமல் இரண்டு வாரம் ஆற விடுங்கள். பாரஃபின் விஷம் என்று பயமுறுத்தி விற்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். நம் பொருள் நல்லது என்றால் அது தன் மணத்தால் நிற்கும்.

மறுபடி நீலாம்பரிக்கு வருகிறேன். லாவெண்டரைத் தூக்கிப்போட்ட பிறகு, பல மாதங்கள் மெழுகையே தொடவில்லை. கேட்டேன். நாகப்பட்டினத்து நீலாயதாட்சி மேல் முத்துசுவாமி தீட்சிதர் அந்த ராகத்தில் செய்த கீர்த்தனையைப் பலர் பாடிக் கேட்டேன். பிறகு பெரியம்மாவை அவருக்குத் தெரிந்த தாலாட்டைப் பாடச் சொன்னேன். பாடும்போதே அவருடைய கை தானாக முன்னும் பின்னும் போனது, இல்லாத தூளிக் கயிற்றைப் பிடித்திருப்பதுபோல. அப்போதுதான் எனக்கு எல்லாம் வந்தது. உத்தரத்துக் கொக்கியில் அம்மாவின் பழைய வாயில் புடவை. வெயிலில் காய்ந்த நூல். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய பிள்ளையின் தலைக்குக் காட்டிய சாம்பிராணி. கடைவாயில் வழிந்த பால். கையில் கட்டிய வசம்பு.

பூவே இல்லை. அந்த மணத்தைத்தான் நான்கு வருடங்களாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். சாம்பிராணிப் பிசினைக் கொஞ்சம் அதிகம் போட்டதும் திரி அடைத்துக்கொண்டது. மூன்று பேட்ச்சில் சுடர் சுருங்கித் தானே அணைந்தது. திரியின் கனத்தைக் கூட்டி, பிசினைக் குறைத்தேன். பால் மணம் முதலில் மிட்டாய்க்கடையாகப் போனது. இரண்டு பங்கை அரைப் பங்காக்கினேன், பக்கத்தில் உலர்ந்த பருத்தியின் மணத்தை வைத்தேன், அடங்கியது. வசம்பு எண்ணெயைப் பிள்ளை இருக்கும் அறையில் எரியவிட மனம் வரவில்லை. அதன் கசப்பை மட்டும் வேறு வேர்களின் சாயலில் கொண்டுவரப் பார்க்கிறேன். இப்போது பதினோராவது பேட்ச். 200 கிராம் மெழுகுக்கு 16 கிராம் என்றிருந்ததை 10 கிராமாகக் குறைத்துவிட்டேன். மெல்லியதாக இருந்தால்தான் பாட்டு கேட்கிறது.

ஒன்றை நான் முதல் ஜாரில் யோசிக்கவே இல்லை. தூங்கப்போகிறவருக்கு மெழுகுவர்த்தி விற்கிறோம், ஆனால் எரியும் சுடரை வைத்துக்கொண்டு யாரும் தூங்கக் கூடாது. அப்படியானால் நீலாம்பரி வேலை செய்ய வேண்டியது அணைத்த பிறகு. இசையமைப்பாளர் ஹைடனின் 45ஆவது சிம்பொனியை இங்கே நினைத்துக்கொள்கிறேன். 1772இல், ஊருக்குப் போக விடுப்புக் கிடைக்காத இசைக்கலைஞர்களுக்காக அவர் அதை எழுதினார். கடைசிப் பகுதியில் ஒவ்வொருவராக வாசிப்பை முடித்து, தம் முன்னால் எரியும் மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். இறுதியில் இரண்டு வயலின்கள் மட்டும். அவர்களை வேலைக்கு வைத்திருந்த எஸ்தர்ஹாசி இளவரசருக்குப் புரிந்தது; எல்லாரும் வீடு திரும்பினார்கள். அணைப்பதும் இசையின் பகுதியாக இருந்திருக்கிறது. நாமோ 'பூ' என்று ஊதி, கருகிய திரிப் புகையால் அறையை நிரப்பிவிடுகிறோம். ஊதாதீர்கள் என்று இப்போது வாங்குகிறவர்களிடம் சொல்கிறேன். ஒரு கம்பியால் திரியை உருகிய மெழுகுக்குள் சாய்த்து அமிழ்த்தி, உடனே நிமிர்த்திவிட வேண்டும். புகையே வராது. குளம் மெல்ல இறுகும்வரை இன்னும் சற்று நேரம் மணம் வந்துகொண்டிருக்கும். பிள்ளை தூங்குவது அந்த நேரத்தில்தான்.

பதினோராவது பேட்ச்சில் பன்னிரண்டு ஜார்கள் ஆறிக்கொண்டிருக்கின்றன. ஒன்றிலும் பெயர் ஒட்டவில்லை. உங்களில் கேட்கிற பதினொரு பேருக்கு ஆளுக்கொன்று அனுப்புகிறேன், தபால் செலவும் என்னுடையது. இந்தக் கடிதத்தைப் படித்தவர்களுக்கு இதன் ராகம் தெரிந்துவிட்டது. ஆகவே நீங்கள் முகர வேண்டாம். படிக்காத ஒருவரிடம், முடிந்தால் பிள்ளை வளர்த்த ஒருவரிடம் கொடுத்து, மாலை விளக்கு வைத்த பிறகு ஏற்றச் சொல்லுங்கள். என்ன நினைவு வந்தது என்று கேட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடியே எனக்கு எழுதி அனுப்புங்கள். பன்னிரண்டாவது ஜார் அந்தக் கைக்குழந்தைக்காரிக்கு என்று எடுத்துவைத்திருந்தேன். குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறதாம், இருந்தாலும் கொடுங்கள் என்றாள். ஆகவே உங்களுக்குப் பதினொன்று.

அன்புடன்,
உங்களோடு மெழுகு வார்க்கும் ஒருத்தி